பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பழைய காரின் எஞ்சின் மவுண்டிங்கைச் சோதிப்பது எப்படி?

காரை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது. கிளட்சை விட்டதும் காலுக்கடியில் 'டொப்' என்று ஓர் அடி விழுகிறது. "கிளட்ச் போய்விட்டது" என்கிறார் ஒரு மிஸ்திரி. "கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார் இன்னொருவர். பணம் போகிறது; நடுக்கம் மட்டும் போவதில்லை. இத்தகைய தொல்லைக்குப் பல சமயம் காரணம், இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிச் செய்த, கையளவே உள்ள எஞ்சின் மவுண்டிங்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. உத்தர்பாராவில் அம்பாஸடர் தயாரிப்பு அதே ஆண்டு மே மாதம் நின்றது. ஆகவே நம் வீடுகளில் இன்றும் ஓடும் இந்த வண்டிகள் எல்லாமே பத்து வயதைத் தாண்டியவை. கிதர்பூர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் மிதித்த கார்டன் ரீச் சாலைகளில், மழைக்காலப் பள்ளங்களில் ஏறி இறங்கிய ரப்பர் இறுகி வெடித்திருந்தால் வியப்பில்லை.

மவுண்டிங்கின் வேலை என்ன?

முதல் வேலை, எஞ்சினின் எடையைத் தாங்கி, அதிர்வை பாடிக்குப் போகவிடாமல் தடுப்பது. மாருதி 800-இன் எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐட்லிங் ஓடினால், விநாடிக்கு 22 அல்லது 23 இடிகள். ரப்பர் நன்றாக இருக்கும்வரை இவை நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வேலை, எதிர்த்திருகலைத் தாங்குவது. கையில் டிரில் மெஷின் பிடித்தவர்களுக்கு இது தெரியும். பிட் ஒரு பக்கம் சுழன்றால், மெஷின் கையை மறுபக்கம் திருகும். ரயில் எஞ்சினில் அச்சோடு இணைந்த டிராக்‌ஷன் மோட்டாரின் மூக்குப் பகுதியை ரப்பர் மேல் தாங்க வைப்பதும் இதற்காகவே.

அம்பாஸடரில் டிஃபரன்ஷியல் பின் அச்சில் தனியாக இருக்கிறது. மாருதியிலோ எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்னால் குறுக்கே உட்கார்ந்திருக்கின்றன. எனவே சக்கரத்துக்குப் போகும் திருகல் முழுவதற்கும் எதிர்விசை மவுண்டிங்குகள் மேல் விழுகிறது. முதல் கியரில் இது எஞ்சினின் சொந்தத் திருகலைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் அடி பலமாகக் கேட்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

1. ஐட்லிங்கில் கண்ணாடியும் ஸ்டியரிங்கும் நடுங்கி, ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்ததும் அடங்குகிறதா? புகைக்குழாய் அருகே காது கொடுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்கையும் ஐட்லிங்கையும் முதலில் சரிசெய்யுங்கள். சத்தம் சீராக இருந்தும் பாடி நடுங்கினால் மவுண்டிங்கைச் சந்தேகியுங்கள்.

2. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டு உடனே அழுத்தட்டும். மற்றவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. மாருதியில் எஞ்சினின் மேற்பகுதி முதல் கியரில் பின்னோக்கியும் ரிவர்ஸில் முன்னோக்கியும் சாயும். லேசான அசைவு இயல்பு. துள்ளி எழுந்து 'டொப்'பென்று விழுந்தால் ரப்பர் பிரிந்திருக்கிறது. ஒரு திசையில் மட்டும் அடித்தால், எந்த மவுண்டிங் என்பதற்கும் துப்பு கிடைத்துவிடும்.

3. ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட, கியர் லீவர் முன்னும் பின்னும் ஆடுகிறதா? கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கைப் பாருங்கள்.

4. எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, இரும்பிலிருந்து பிரிந்த இடைவெளி, எண்ணெயில் ஊறிய உப்பல் ஆகிய மூன்றும் கெட்டதற்கு அடையாளம். எண்ணெய் கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது வீண்.

எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்தால், காலியான நேரான சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் தொடர்ந்தால் டயர், வீல் பாலன்ஸ் பக்கம் போங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'கட கட' சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். பாதி கிளட்சில் வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டாகவும் இருக்கலாம், மவுண்டிங்காகவும் இருக்கலாம். கிளட்சைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மவுண்டிங்கைப் பார்க்க டார்ச் போதும். எனவே மவுண்டிங்கைப் பார்த்த பிறகே கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள்.

இது செலவு விஷயம் மட்டுமல்ல. 1971-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்டிங் பிரிந்து எஞ்சின் எழும்பினால் ஆக்ஸிலரேட்டர் இணைப்பு சிக்கிக்கொள்ளும் அபாயம் இருந்ததே காரணம். எஞ்சின் எழும்பாதிருக்க இரும்புக் கயிறு கட்டித் தந்தார்கள். நம் வண்டியிலும் ஆக்ஸிலரேட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், புகைக்குழாய் எல்லாம் எஞ்சினோடு இழுபடுகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

மாற்றும்போது

ஜாக்கைத் தகட்டாலான ஆயில் சம்ப்பில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். அகலமான மரக்கட்டை வைத்து எடையைத் தாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். எல்லா போல்ட்டுகளையும் தளர்வாகப் பூட்டி, எஞ்சின் தன் இடத்தில் அமர்ந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மல்லிக் பஜாரில் பழைய கதவும் கண்ணாடியும் தாராளமாக வாங்கலாம். பழைய ரப்பர் மட்டும் வேண்டாம். புதியதானாலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கட்டை போல் இருந்தால் அது கடையிலேயே கிழடாகிப்போனது.

அடுத்த முறை மிஸ்திரியிடம் போகும்போது, "நடுக்கம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் எந்தப் பக்கம் எழும்பியபோது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.