உறங்காத ஏவலர்

பணி நடைபெறும்போது ஆற்றல் செலவாதல் இயல்பு. பணி ஏதுமின்றி வாளா இருக்கும்போதும் அது மிகுதியாகச் செலவாகுமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். மடிக்கணினியைத் திறந்தபடி வைத்துச் சென்று, அரைமணி நேரம் கழித்து மீள்வோர், மின்கலத்தின் இருப்பு பெரிதும் குறைந்திருத்தலைச் சில வேளைகளில் காண்கின்றனர். மின்கலம் பழுதுற்றது என அவர்கள் கருதுவர். குற்றம் வேறிடத்தும் இருக்கலாம்.

கணினியின் நுண்செயலி நன்கு உறங்கவல்லது. கட்டளை வாராத சிறு பொழுதுகளில், நொடியின் ஆயிரத்தொரு கூறாயினும், அது தன் பகுதிகளை அடக்கிக்கொள்ளும். அமைதி நீளுந்தோறும் ஆழ்ந்த உறக்கம் எய்தி, மிகக் குறைந்த மின்னாற்றலையே கொள்ளும். இடையிடையே எழுப்பப்படின் அந்நிலை கிட்டாது. இட்ட வேலை தினையளவே ஆயினும், எழுதற்கும் மீண்டும் அடங்குதற்கும் தனியே செலவுண்டு. நள்ளிரவில் அடிக்கடி கதவைத் தட்டி, 'நலமாக உறங்குகின்றீரா?' என வினவும் ஏவலனால் விருந்தினர் படும் துன்பம் இத்தகையதே.

இங்ஙனம் தட்டுவோருள் உலாவியின் நீட்சிகளும் அடங்கும். இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள் உலாவி. அதனோடு நாம் விரும்பி இணைக்கும் சிறு துணை மென்பொருள்கள் நீட்சிகள். கடைப்பொருளின் விலை இறங்கியதா என்று தொலைவிலுள்ள கணினியை ஓயாது வினவும் நீட்சி, நுண்செயலியை மட்டுமன்றிக் கம்பியில்லா இணைப்புக் கருவியையும் எழுப்புகின்றது. அதனை நிறுவியவர் மறந்துவிடுவர், நீட்சி மறப்பதில்லை. எழுத்துப்பிழை காட்டும் நீட்சியோ, திறந்துள்ள பக்கங்கள் ஒவ்வொன்றினுள்ளும் புகுந்து நிற்கும்.

50 வாட்-மணி கொள்ளும் மின்கலம் ஒன்றைக் கொள்வோம். வாளா இருக்கையில் கணினி 5 வாட் கொள்ளுமாயின் மின்கலம் 10 மணி நேரம் தாங்கும். நீட்சிகளால் 1 வாட் கூடின், 8 மணி 20 நிமிடமே தாங்கும். அன்றியும், லித்தியம் அயனி மின்கலம் மின்னேற்றி இறக்குந்தோறும் சிறிது சிறிதாகத் தேய்வது. வீண் செலவு அதன் வாழ்நாளையும் குறைக்கின்றது.

ஆயினும் நீட்சிகள் யாவற்றையும் பழித்தல் நேர்மையன்று. அசைந்தாடும் விளம்பரங்களைத் தடுக்கும் நீட்சி, தான் உண்பதினும் மிகுதியாகச் சேமித்துத் தருதலும் உண்டு.

பழைய அமைப்பில், நீட்சியின் பின்புலப் பகுதி உலாவி திறந்துள்ளவரை விழித்திருக்க இயன்றது. குரோம் உலாவி 2021ஆம் ஆண்டில் ஏற்ற புதிய அமைப்பில், 30 நொடி வேலையின்றி இருக்கும் அப்பகுதி பொதுவாக நிறுத்தப்படும். தேவை நேரின் மீண்டும் எழும். பக்கங்களினுள் புகுந்த பகுதிகளை இவ்விதி கட்டுப்படுத்துவதில்லை.

விண்டோஸ் கணினியில் குரோமைத் திறந்து, ஷிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தின், நீட்சிகளின் பெயரும் அவை நுண்செயலியில் கொள்ளும் பங்கும் தோன்றும். பக்கத்தினுள் நிற்கும் பகுதியின் செலவு அப்பக்கத்தின் கணக்கிலேயே சேர்தலால், இப்பட்டியல் முழுமையன்று. திரையின் ஒளியையும் திறந்துள்ள பக்கங்களையும் மாற்றாது, நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் மின்கலத்தின் இறக்கத்தைக் குறித்துவரின், உறங்காத ஏவலன் எவன் என்பது வெளிப்படும்.