எழுந்து நிற்பதும் கடமையே

புனே நகரை அடுத்த ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்கள் பல உள்ளன. அங்கே ஏராளமான இளைஞர்கள் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிகின்றனர். பளு தூக்காத, வெயிலில் நிற்காத இவ்வேலை உடலுக்குச் சுகமானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு.

1953-இல் டாக்டர் ஜெர்ரி மோரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மாடிப் பேருந்தின் படிகளில் ஓயாது ஏறியிறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே வண்டியோட்டிய ஓட்டுநர்களுக்கு இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. இரு சாராரும் ஒரே வண்டிகளில் பணியாற்றியவர்களே!

நெடுநேரம் அமர்ந்திருக்கையில் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள தசைகள் செயலற்றிருக்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஏற்றுப் பயன்படுத்துவதும், கால்களிலிருந்து இரத்தத்தை மேலே செலுத்த உதவுவதும் அத்தசைகளின் பணியாகும். அவை ஓய்ந்தால் இவ்விரண்டும் குன்றும். 2023-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்கு, உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் குறைந்தன. எனவே, 'காலையில் உடற்பயிற்சி செய்தாயிற்று, இனி மாலைவரை அசைய வேண்டியதில்லை' என்று எண்ணுவது சரியன்று.

இதற்கு வழிகாட்டிய பெரியவர் ஒருவரும் புனேயில் வாழ்ந்தார். இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்த பி.கே.எஸ். ஐயங்கார், யோகாசனத்தால் வலிமை பெற்று, 1937-இல் யோக ஆசிரியராக இந்நகருக்கு வந்தார். 1975-இல் இங்கே யோக நிலையம் நிறுவினார். முதியோரும் நோயுற்றோரும் ஆசனம் பயில நாற்காலியையும் துணைக்கருவியாக்கினார். உடலை முடக்கும் பொருளே, அறிந்து பயன்படுத்துவோருக்கு உடலை நிமிர்த்தும் பொருளாயிற்று.

2021-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகமும், அலுவலகத்தில் பணிபுரிவோருக்கென 5 நிமிட யோகப் பயிற்சியைச் செல்பேசிச் செயலியாக வெளியிட்டது. தாடாசனம், தோள் சுழற்சி, பிராமரி, சிறு தியானம் முதலியவை அதில் அடங்கும்.

எவரும் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில:

* அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடத்தல்.
* தொலைபேசியில் நின்றுகொண்டே பேசுதல்.
* நாற்காலியின் முதுகைப் பிடித்து, குதிகாலைப் பத்து முறை உயர்த்தித் தாழ்த்துதல்.
* தோள்களைச் சுழற்றி, சில ஆழ்ந்த மூச்சுகள் விடுதல்.

தலைசுற்றலோ முதுகுவலியோ உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

வேலை நேரத்தில் எழுந்தால் மேலதிகாரி தவறாக நினைப்பாரோ என்ற தயக்கமே பலரை நாற்காலியில் கட்டிவைக்கிறது. அத்தயக்கத்தை நீக்க வேண்டியவர் மேலதிகாரியே. அவர் முதலில் எழட்டும்; மற்றவர்கள் தாமே எழுவார்கள். உடல் கெட்டபின் எந்தக் கடமையும் முழுமையாக நிறைவேறாது. ஆகவே, உடலைப் பேணும் அந்தச் சில நிமிடங்களும் கடமையைச் சேர்ந்தவையே.