புள்ளி நின்றால் பதறாதீர்கள்

கேள்வி: உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டிக்கு நண்பன் போகிறான். ஊரிலிருந்தே அவனைப் பின்தொடர முடியுமா?
– வாசகர், கொற்கை

பதில்: பாண்டியர் துறைமுகமாயிருந்த உங்கள் கொற்கையை விட்டுக் கடல் தள்ளிப் போய்விட்டால் என்ன, கைப்பேசி போதும். படகிலுள்ள கருவி செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தை அனுப்பும். போட்டியின் இணைய வரைபடத்தில் அது புள்ளியாய் நகரும். 'கோல்டன் குளோப்' போட்டியென்றால் இன்னும் வேடிக்கை. அதில் படகோட்டி ஜி.பி.எஸ். பார்க்கக் கூடாது, கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியும் சூரியனும்தான் துணை. அவர் இருக்குமிடம் அவரைவிட உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும்! அந்தப் போட்டியில் 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் இந்தியப் படகோட்டி அபிலாஷ் டோமியின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அதே மனிதர் 2023இல் அதே போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார். ஆனாலும், வரைபடத்தில் புள்ளி நின்றால் பெரும்பாலும் காற்று இல்லை என்றுதான் பொருள். காற்று வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.