சாக்கடல் சேறும் உப்பும்: வாளிக் குளியல் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

யெருசலேம் யாத்திரை போய்வந்த உறவினர் கையில் திணித்த கறுப்புச் சேற்றுப் பொட்டலம், இல்லையென்றால் இணையத்தில் தள்ளுபடி பார்த்து வாங்கிய ஒரு கிலோ உப்பு. சாக்கடல் சரக்கு நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். உறையின் பின்பக்கக் குறிப்பு மூன்று வரியில் முடிந்துவிடும். அதுவும் குளியல்தொட்டி உள்ள வீட்டுக்காக எழுதியது. வாளியும் குவளையுமாகக் குளிக்கிற நமக்குக் கணக்கு வேறு.

ஜோர்டானுக்கும் இஸ்ரேல், மேற்குக்கரைக்கும் நடுவே, கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிற ஏரி சாக்கடல். அதன் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு. சமையல் உப்பு முழுக்க முழுக்க சோடியம் குளோரைடு என்றே சொல்லலாம். இந்துப்பும் பெரும்பாலும் அதுவே. சாக்கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடுக்குத்தான் முதலிடம், பொட்டாசியமும் கால்சியமும் பின்னால் வரும். சேறு என்பது அந்த உப்புநீரில் ஊறிய மிக நுண்ணிய களிமண். அதிலுள்ள இரும்பு சல்ஃபைடு கறுப்பு நிறத்தையும், ஹைட்ரஜன் சல்ஃபைடு லேசான அழுகிய முட்டை வாடையையும் தருகின்றன. வாடை வந்தால் கெட்டுப்போனது என்று தூக்கி எறிய வேண்டாம்.

எது யாருக்கு

எண்ணெய் வழியும் முகத்துக்குச் சேறு. வறண்டு, செதில் உதிர்ந்து, அரிக்கிற கை கால்களுக்கு உப்புநீர். இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். சேறு 'உடம்பின் நச்சை உறிஞ்சி எடுக்கும்' என்று உறையில் போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போங்கள். மேல்தோலில் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் களிமண் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு நாட்டு மருந்துக் கடை முல்தானி மட்டியே போதும் என்பது என் கட்சி. காசு செலவழிப்பதென்றால் உப்புக்குச் செலவழியுங்கள்.

வெட்டுக்காயம், நீர்வடியும் கரப்பான், அன்று காலை சவரமோ வாக்சிங்கோ செய்த தோல் ஆகியவற்றில் இரண்டுமே படக்கூடாது. எரிச்சல் உயிரை வாங்கிவிடும். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினோயின் மாதிரியான களிம்பு போடுகிறவர்களுக்குத் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். மருத்துவரைக் கேட்காமல் சேறு பூச வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரில் கால் ஊறவைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும்.

வாங்கும்போது

பொருட்பட்டியலில் 'மாரிஸ் சால்' என்றிருந்தால் அதற்குக் கடல் உப்பு என்றுதான் பொருள், எந்தக் கடல் என்று அது சொல்லாது. ஜோர்டான் அல்லது இஸ்ரேல் என்று உற்பத்தி நாடு குறித்திருக்கிறதா பாருங்கள். நிறமும் வாசனையும் சேர்த்த உப்பு வேண்டாம். வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு ஸ்பூன் உப்பைத் தட்டில் வைத்தால் சென்னைப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே நசநசத்துப் போக வேண்டும். வாயில் போட்டுப் பார்க்க வேண்டாம். சாக்கடல் நீரை விழுங்கி உயிருக்குப் போராடியவர்கள் உண்டு.

முதல் நாள்: முன்கை சோதனை

முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குச் சேற்றைத் தடவி 10 நிமிடத்தில் கழுவுங்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, தடிப்போ அரிப்போ இல்லையென்றால் மேலே போகலாம்.

முகத்துக்குச் சேறு

டப்பாவில் மேலே நீர் தேங்கியிருந்தால் மரக்கரண்டியால் கலக்கிவிடுங்கள். இரும்புக் கரண்டி துருப்பிடிக்கும். முகத்தைக் கழுவி, ஈரத்தோடு, தோல் நிறம் மறையும் அளவுக்கு மட்டும் மெல்லப் பூசுங்கள். கண்ணையும் உதட்டையும் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அடுத்த வேலை, மின்விசிறியை நிறுத்துவது. சேறு காய்ந்து வெடித்தால்தான் பலன் என்று நினைக்கிறோம். உண்மையில் காயக் காய அது தோலின் ஈரத்தையும் சேர்த்தே இழுக்கும். விளிம்பு வெளுக்கத் தொடங்கினாலே நேரமாகிவிட்டது. 8 முதல் 10 நிமிடம் தாராளம். லேசான குறுகுறுப்பு இயல்பு. எரிந்தால் கடிகாரம் பார்க்காமல் கழுவுங்கள்.

உரித்தெடுக்க வேண்டாம். ஈரத் துணியால் ஒற்றி ஊறவைத்துத் துடைத்தபின் சாதா நீரால் கழுவுங்கள். துணியை வாளியில் அலசுவது நல்லது, குழாய் அடைக்காது. அந்தத் தண்ணீரைத் துளசித் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். உப்பைத் தென்னை தாங்கும், துளசி தாங்காது. வாரம் ஒருமுறை போதும்.

கை காலுக்கு உப்புநீர்

இதில்தான் அளவு முக்கியம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வறண்ட ஒவ்வாமைத் தோல் உள்ளவர்கள் ஒரு கையை 5 சதவீத சாக்கடல் உப்புக் கரைசலிலும் மறு கையைக் குழாய் நீரிலும் 15 நிமிடம் ஊறவைத்தார்கள். ஆறு வாரத்தில் உப்புநீர்க் கையின் தோல் ஈரத்தை நன்றாகத் தக்கவைத்தது, சிவப்பும் குறைந்தது. 5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 50 கிராம். 15 லிட்டர் வாளியில் ஒரு பிடி போட்டுத் தலைக்கு ஊற்றினால் அரை சதவீதம்கூடத் தேறாது. முழு உடம்பும் அமிழும் தொட்டிக்கோ கிலோ கிலோவாகக் கொட்ட வேண்டும்.

அதனால் அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் நான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீர், 200 கிராம் உப்பு. குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையை விட்டுச் சூடு பாருங்கள். உப்பு முழுதும் கரைந்தபின் கையையோ காலையோ 15 நிமிடம் வையுங்கள். முழங்கால், முழங்கை என்றால் அதே நீரில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு குவளை நல்ல தண்ணீர், துண்டால் ஒற்றல், தோல் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் அல்லது வாசலின். தேங்காயெண்ணெயும் சரிதான், பரு வரும் முகத்தைத் தவிர. இந்தக் கடைசி மூன்று நிமிடத்தைத் தவறவிட்டால் முந்தைய பதினைந்தும் வீண்.

உப்புக் கல்லைத் தேய்ப்பானாக முகத்தில் தேய்க்கவே வேண்டாம், முனைகள் கீறும். குதிகாலின் தடித்த தோலுக்கு மட்டும் எண்ணெயில் குழைத்துத் தேய்க்கலாம், வெடிப்பு இல்லாதபோது.

சொரியாசிஸ் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடல் கரைக்கே போய்ச் சில வாரம் தங்கிக் குணம் கண்டவர்களுக்கு உப்பு மட்டும் மருந்தாக இருக்கவில்லை. அவ்வளவு தாழ்ந்த இடத்தில் கூடுதல் காற்றடுக்கு சூரியனின் எரிக்கும் கதிர்களை வடிகட்டுவதால், மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கும் நீண்ட வெயில் குளியலும் சிகிச்சையில் பாதி. நம்மூர் வெயிலில் அதைச் செய்துபார்க்கக் கூடாது. பேசினில் ஊறவைப்பது செதிலை இளக்கும். மருத்துவர் தந்த களிம்பை அதற்காக நிறுத்த வேண்டாம்.

மிச்ச உப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக்கை படாமல் எடுங்கள். நசநசத்துப் போனாலும் பயன்படும். ஆனால் அதில் தண்ணீரின் எடையும் சேர்ந்திருப்பதால், அடுத்த முறை பேசினுக்கு இன்னும் ஒரு பிடி கூடப் போடுங்கள்.