பேதிக்குப் பின் பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?



மாதவரம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அங்குள்ள பால் பண்ணைதான். பாலை நல்ல உணவு என்கிறோம். ஆனால் பேதி கண்ட குழந்தைக்குப் பால் கொடுத்ததும் வயிறு உப்பி, மீண்டும் நீராகப் போகிறதே என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. பால் கெட்டதல்ல, அதைச் செரிக்கும் நொதி அப்போது குடலில் குறைந்திருக்கிறது.

சோற்றிலுள்ள மாவுச்சத்தை உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள அமிலேஸ் என்னும் நொதி சிறு துண்டுகளாக்கும். சிறுகுடலிலுள்ள வேறு நொதிகள் அத்துண்டுகளைக் குளுக்கோஸாக முடிக்கும். பாலின் சர்க்கரையோ லாக்டோஸ். 200 மில்லி பாலில் ஏறத்தாழ 9 கிராம் உண்டு. குளுக்கோஸும் காலக்டோஸும் இணைந்த இது, பிரிந்தால்தான் இரத்தத்தில் சேரும். பிரிப்பது லாக்டேஸ் நொதி. குடலுறிஞ்சிகளின் மேற்பகுதியில்தான் இது மிகுதியாக இருக்கிறது. பேதியில் முதலில் தேய்வதும் அப்பகுதியே!

பிரியாத லாக்டோஸ் தன்னோடு நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்கச் செய்ய, வாயுவும் அமிலமும் உண்டாகின்றன. குழந்தையின் ஆசனவாய் சிவந்து புண்ணாவது இதனால்தான். புதிய செல்கள் வளர்ந்ததும், பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ, நொதி திரும்பிவிடும். அதுவரை தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். உப்பு-சர்க்கரைக் கரைசலும் வழக்கமான உணவும் தொடரட்டும். சாதம் உண்ணும் வயதுக் குழந்தைக்குத் தயிர்சாதம் நல்லது. உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. (நம் பாட்டிமார் இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தார்களோ!) கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

நொதிக்கு மசியாத உணவால் நன்மையும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிலருக்கு வழக்கமான கரைசல்; சிலருக்கு அதில் அரிசிமாவு; மற்றவர்களுக்கு அமிலேஸால் எளிதில் உடையாத ஒருவகைச் சோளமாவு, லிட்டருக்கு 50 கிராம். சோளமாவு பெற்றவர்களுக்கே பேதி குறைந்து விரைவில் நின்றது. சிறுகுடலில் உடையாத அம்மாவைப் பெருங்குடல் கிருமிகள் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றை உறிஞ்சும் பெருங்குடல், உப்பையும் நீரையும் கூடவே உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது.