கழிவிலிருந்து ஊர்தி எரிபொருள்: அரசின் உதவியும் மும்பை தரும் பாடமும்

மும்பை மாநகரில் நாள்தோறும் 6,000 டன்னுக்கு மேற்பட்ட திடக்கழிவு சேர்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உணவு, காய்கறி, பழம் போன்ற மட்கும் கழிவேயாகும். அதே நகரில் ஆட்டோ ரிக்‌ஷாக்களும் டாக்சிகளும் பேருந்துகள் பலவும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவால் ஓடுகின்றன. நம் நாட்டின் இயற்கை எரிவாயுத் தேவையில் ஏறத்தாழப் பாதி இறக்குமதியால் நிறைவு செய்யப்படுகிறது. கழிவு நகருக்குச் சுமையாகவும், எரிவாயு நாட்டின் அந்நியச் செலாவணிக்குச் சுமையாகவும் உள்ள இந்நிலையில், முன்னதைக் கொண்டு பின்னதைப் பெறும் முயற்சிக்கு மத்திய அரசு ஆதரவு அளித்து வருகிறது. அவ்வாதரவின் தன்மையையும், அதில் நிறைவு பெற வேண்டிய பகுதியையும் ஆராய்வது பயனுடையதாகும்.

மாட்டுங்காவில் தொடக்கம்

இத்துறையில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் வாயுவைச் சேகரித்து விளக்கெரிக்கும் ஏற்பாடு 1897ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பம்பாய் மாநகராட்சியின் வடிகால் பொறியாளர் கார்க்கீட் ஜேம்ஸ் இச்சோதனைகளை நடத்தினார். பின்னர் அவ்வாயுவால் எந்திரமும் இயக்கப்பட்டது. இந்நிகழ்ச்சி 1859இல் நடந்ததாகப் பல நூல்கள் குறிப்பிடுகின்றன; ஆயினும் அவ்வில்லம் 1890இல்தான் நிறுவப்பட்டது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின்னர் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த சாண எரிவாயுக் கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் நாடெங்கும் பரப்பியது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், சமையலறைக் கழிவுக்கு ஏற்ற 'நிசர்கருணா' என்னும் கலனை உருவாக்கியது. அதில் கழிவு முதலில் காற்றுள்ள சூழலில் வெப்பத்துடன் சிதைக்கப்பட்டு, அடுத்த கட்டத்தில் காற்றில்லாச் சூழலில் வாயுவாக மாறுகிறது.

வாயு எரிபொருளாகும் முறை

கலனிலிருந்து வெளிவரும் வாயுவில் மீத்தேன் பெரும்பாலும் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் கலந்திருக்கும். அடுப்பெரிக்க இதுவே போதும். ஊர்திக்கு இது ஏற்றதன்று. ஹைட்ரஜன் சல்பைடு எந்திரத்தை அரிக்கும்; கரியமில வாயுவோ கலத்தில் வீணாக இடம் பிடிக்கும். எனவே வாயுவைத் தூய்மை செய்து, அழுத்தி நிரப்புகின்றனர். இந்தியத் தரநிலைப்படி இவ்வெரிபொருளில் மீத்தேன் 90 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. இயற்கை எரிவாயுவால் ஓடும் ஊர்தியில் எம்மாற்றமும் செய்யாமல் இதனை நிரப்பலாம். கலனில் எஞ்சும் குழம்பு நல்ல எருவாகும்.

அரசின் உதவிகள்

மத்திய அரசின் 'சதத்' திட்டம் 2018 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. தொழில் முனைவோர் உற்பத்தி செய்யும் அழுத்தப்பட்ட உயிரி வாயுவைப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. தொடக்கத்தில் கிலோவுக்கு 46 ரூபாய் விலை அறிவிக்கப்பட்டது. பிறகு குறைந்தபட்ச விலை 54 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொழிலுக்கான வங்கிக் கடன் 2020இல் முன்னுரிமைத் துறைக் கடனில் சேர்க்கப்பட்டது. தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின்கீழ் நாளொன்றுக்கு 4,800 கிலோ உற்பத்தித் திறனுக்கு 4 கோடி ரூபாய் வீதம், ஒரு திட்டத்துக்கு 10 கோடி ரூபாய் உச்சவரம்புடன் நிதியுதவி வகுக்கப்பட்டது. எருவை விற்பதற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி 2023இல் அறிவிக்கப்பட்டது. வாகன எரிவாயுவிலும் வீட்டுக் குழாய் எரிவாயுவிலும் 2025-26இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2028-29இல் 5 விழுக்காடு வரை உயிரி வாயுவைக் கலக்க வேண்டுமென்றும் முடிவு செய்யப்பட்டது.

இவ்வாறு முதலீடு, கடன், விலை, சந்தை ஆகிய நான்கும் கவனிக்கப்பட்டுள்ளன. ஆயினும் 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்ற இலக்கு வைக்கப்பட்டிருக்க, அவ்வாண்டின் முடிவில் இயங்கியவை நூற்றைக்கூட எட்டவில்லை. வாங்குபவர் உறுதியாக இருந்தும் உற்பத்தி பெருகாததற்குரிய காரணங்களுள் முக்கியமானது மூலப்பொருள். கழிவு ஏராளமாகக் கிடைப்பினும், தரம் பிரித்த கழிவு அரிதாகவே கிடைக்கிறது.

இந்தூர் காட்டும் கணக்கு

இதற்கு இந்தூர் நகரின் அனுபவம் தக்க சான்று. நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் ஆலை அங்கே 2022 பிப்ரவரி 19ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அதன் உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 17,000 கிலோ வாயு. உடன் 100 டன் எரு. அதாவது டன்னுக்குச் சுமார் 31 கிலோ வாயு. கிலோவுக்கு 54 ரூபாய் எனக் கொண்டால், ஒரு டன் கழிவிலிருந்து வாயு வருவாய் ஏறத்தாழ 1,670 ரூபாய். கழிவை ஏற்றிவரும் செலவு, தூய்மை செய்யும் செலவு, மின்சாரம், ஊதியம், கடன் வட்டி ஆகிய யாவும் இதற்குள்ளும் எரு விற்பனைக்குள்ளும் அடங்க வேண்டும். கழிவில் பிளாஸ்டிக்கும் மணலும் கலந்து வந்தால் வாயு குறையும், குழாய்கள் அடைபடும், எரு விலைபோகாது. கணக்கு உடனே இழப்பில் முடியும். இந்தூரில் ஆலை எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீடுதோறும் கழிவைப் பிரித்து வாங்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது என்பது கருதத்தக்கது.

தாராவியும் தேவ்நாரும்

மும்பையிலேயே இவ்வுண்மைக்கு இரு எடுத்துக்காட்டுகள் உள்ளன. தாராவியின் சிறு பட்டறைகளில் பிளாஸ்டிக், அட்டை, தகரம் முதலியவை நிறத்துக்கும் தரத்துக்கும் ஏற்பப் பிரிக்கப்பட்டு மீண்டும் மூலப்பொருளாகின்றன. எச்சட்டமும் வற்புறுத்தாமலே இது நடைபெறுகிறது. பிரித்த பொருளுக்குக் கிலோ கணக்கில் விலை உண்டு. ஆகவே பொறுக்குபவருக்கும் பிரிப்பவருக்கும் கூலி கிடைக்கிறது. இவ்வேலையில் உடல்நலக் கேடுகளும் குறைந்த ஊதியமும் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விலை உள்ள கழிவு தெருவில் தங்குவதில்லை.

ஈரக் கழிவுக்கு அத்தகைய விலை இல்லை. மாட்டுங்காவின் உணவு விடுதிகளிலும் காய்கறி அங்காடிகளிலும் சேரும் கழிவு பிரித்துக் கொடுப்பதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் பிரிப்பதால் வருவாய் ஏதுமில்லை. செம்பூரை அடுத்த தேவ்நார்க் குப்பைமேடு 1927 முதல் கழிவைத் தாங்கி வந்துள்ளது. அங்குக் குவிந்துள்ள பழைய கழிவு ஏறத்தாழ 1.85 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது. குப்பைக்குள் உண்டாகும் மீத்தேன் தீப்பற்றும் இயல்புடையது. 2016 ஜனவரியில் அங்கு மூண்ட தீயின் புகை நகரின் பெரும்பகுதியைச் சூழ்ந்தது. சுற்றுப்புறப் பள்ளிகள் மூடப்பட்டன. கலனில் எரிபொருளாகும் வாயுவே மேட்டில் நெருப்பாகிறது. அதன் இழப்பை ஏற்றவர்கள் அருகில் வாழும் ஏழை மக்களே.

நாளொன்றுக்கு 1,000 டன் கழிவிலிருந்து உயிரி வாயு தயாரிக்கும் ஆலையை அமைக்க மும்பை மாநகராட்சியும் மகாநகர் கேஸ் நிறுவனமும் 2023இல் உடன்பாடு செய்துகொண்டன. இந்தூர் வீதத்தில் கணக்கிட்டால் அத்தகைய ஆலை நாளொன்றுக்கு 31,000 கிலோ வாயு தரக்கூடும். அதற்குத் தேவை, நாள்தோறும் தவறாமல் வந்துசேரும் 1,000 டன் தூய ஈரக் கழிவு.

செய்யத்தக்கவை

திடக்கழிவைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்குவோர் ஈரக் கழிவைத் தாமே பக்குவப்படுத்த வேண்டுமென மும்பை மாநகராட்சி 2017 அக்டோபர் முதல் வலியுறுத்தியது. ஆயினும் ஆணையால் மட்டும் பழக்கம் நிலைப்பதில்லை. மேற்கூறிய உதவிகள் யாவும் ஆலையின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. அவற்றுள் ஒரு பங்கு வாயிலுக்கு வெளியேயும் செல்ல வேண்டும். பிரித்த ஈரக் கழிவுக்கு எடை வீதம் ஒரு தொகை, அதனைச் சேகரிக்கும் தொழிலாளர் கூட்டுறவு அமைப்புகளுக்குக் கடனும் பாதுகாப்புச் சாதனங்களும், பெருவிடுதிகளுடனும் அங்காடிகளுடனும் நீண்டகால ஒப்பந்தம் ஆகிய மூன்றும் இதற்கு உதவும். குப்பைமேட்டைச் சீர்செய்யப் பின்னாளில் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தே இச்செலவை மதிப்பிட வேண்டும்.

ஆலைகளின் எண்ணிக்கையோடு, நாள்தோறும் அவற்றைச் சென்றடையும் தரம் பிரித்த கழிவின் அளவையும் மாவட்ட, மாநகராட்சி அலுவலர்கள் முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்வாராயின், இத்திட்டம் தன் இலக்கை நெருங்கும்.