குத்தகைக்கு எடுத்த ஆட்சி: கம்மந்தான் கான் சாகிபின் வரலாறு



நம் பிள்ளைகளுக்குப் பாஞ்சாலங்குறிச்சி வெறும் பாடப்புத்தக ஊர் அல்ல. ஓட்டப்பிடாரம் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஊர். 1974ல் எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். வரலாற்று வகுப்பில் “நவாப் வரி கேட்டான், பாளையக்காரர்கள் மறுத்தார்கள்” என்ற இடம் வரும்போது நம் பிள்ளைகள் சிலர் நெளிவதும், “கேட்டது உங்க ஆளுதானே” என்று பக்கத்துப் பிள்ளை விளையாட்டாகச் சொல்வதும் நடக்கிறதுதான். அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இருக்க வேண்டும். கோபமான பதில் வேண்டாம். நடந்தது தெரிந்திருந்தால் போதும்.

அதைத் தெரிந்துகொள்ள நவாபைவிட நல்ல வழி இன்னொருவரின் வாழ்க்கை. அவர் யூசுப் கான். மருதநாயகம் என்ற பெயரில் இப்போது பலருக்கும் தெரியும். சனங்கள் அவரைக் கம்மந்தான் கான் சாகிப் என்றார்கள். ‘கமாண்டண்ட்’ என்ற படைப் பதவியின் பெயரே நம் வாயில் கம்மந்தான் ஆனது. கைபேசியில் இவரைப் பற்றி வருகிறவற்றில் பாதி இவரை முதல் விடுதலை வீரர் என்கின்றன, மீதி கும்பினிக்காரனின் கைக்கூலி என்கின்றன. இரண்டையும் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பாடம்.

ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற ஊரில், ஏறக்குறைய 1725ல், இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் புதுச்சேரி போனார், இஸ்லாத்தைத் தழுவினார், சிப்பாய் ஆனார். அன்றைக்கு ஏழை வீட்டுப் பையன் ஒருவன் மேலே வருவதற்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான். அதில் பட்டாளம் ஒன்று.

அப்போது ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குச் சண்டை. ஒரு பக்கம் சந்தா சாகிப், அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். மறுபக்கம் முகம்மது அலி வாலாஜா, அவருக்குப் பின்னால் ஆங்கிலேயக் கும்பினி. போட்டியிட்ட இருவருமே முஸ்லிம்கள், இருவருக்கும் துப்பாக்கி கொடுத்தவர்கள் கடல் கடந்து வந்த வியாபாரிகள். யூசுப் கான் முதலில் சந்தா சாகிப் பக்கம் இருந்தார், பிறகு கும்பினிப் படைக்கு வந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் மேஜர் லாரன்ஸின் கீழ் அவர் காட்டிய திறமைக்காகக் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக்கித் தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள். 1752ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகம்மது அலி வென்றார்.

வென்றார் என்று சொல்கிறோம். அவருக்குக் கிடைத்தது பட்டமும் கடனும். கும்பினிப் படை அவருக்காகச் சண்டை போட்ட செலவெல்லாம் அவர் பேரில் எழுதப்பட்டது. போதாததற்கு, கும்பினியின் அதிகாரிகளே தனித்தனியாக அவருக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். சென்னையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் நவாபின் கடன் பத்திரத்தால் பணக்காரர்களாகி லண்டன் திரும்பினார்கள். இந்தக் கடன் விவகாரம் அங்கே பெரிய ஊழலாக நாறி, 1785ல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றியே நீண்ட உரை ஆற்ற வேண்டி வந்தது. ஈடாக நவாபிடம் இருந்தது என்ன? ஊர்களின் வரி வருமானம்தான். பருத்தியும் கம்பும் விளைகிற நம் கரிசலிலிருந்து போன கிஸ்தியில் ஒரு பங்கு, யாரோ ஒரு வெள்ளைக்கார குமாஸ்தாவின் வட்டிக் கணக்கில் சேர்ந்தது. வட்டி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சீமையையே என்ன செய்யும் என்பதற்கு ஆற்காடு சாட்சி.

1736ல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்திருந்தது. அதன்பின் மதுரையும் திருநெல்வேலியும் தனக்கு உரியவை என்று நவாப் உரிமை கொண்டாடினார். இங்கிருந்த பாளையங்கள் அதை ஏற்கவில்லை. மேற்குப் பாளையங்களுக்கு நெற்கட்டும்செவல் புலித்தேவர் தலைமை, கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. 1755ல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் படையோடு வந்தார்கள். யூசுப் கானும் கூட வந்தார். அந்தப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கும் வந்தது. தூக்கிலேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் அப்போது பிறக்கவே இல்லை. அவருடைய முன்னோர் ஒருவர் கொஞ்சம் பணம் கட்டி, மீதிக்குப் பிணையாக ஆட்களை அனுப்பி வைத்தார். புலித்தேவரிடம் ஹெரானின் படை ஒன்றும் சாதிக்கவில்லை. வழியில் மதுரைக்கு அருகே கோவில் சிலைகளைக் கொள்ளையடித்துப் போனபோது நத்தம் கணவாயில் கள்ளர்கள் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். திரும்பிப் போன ஹெரானைக் கும்பினியே விசாரித்து வேலையை விட்டு நீக்கியது.

அதன்பின் இந்தச் சீமையை அடக்க யூசுப் கான் அனுப்பப்பட்டார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவரை வடக்கே அழைத்துக்கொண்டார்கள். அங்கே எதிரிக்குப் போகிற உணவையும் தளவாடத்தையும் மறித்து மறித்து லாலியை அலைக்கழித்தார். அந்தச் சேவைக்குப் பின், 1759ல், மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு அவரிடம் குத்தகைக்கு விடப்பட்டன.

இந்தக் குத்தகை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். கண்மாய் மீன்பாசி ஏலம் எடுப்பவரை நாம் அறிவோம். ஏலத் தொகையைக் கட்டிவிட்டால் அந்த வருடத்து மீன் அவருடையது, கண்மாய் அவருடையது ஆகாது. ஊர் நினைத்தால் மறுவருடம் வேறொருவர். கான் சாகிப் எடுத்த குத்தகையும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், இதில் ஏலம் போனது மீன் அல்ல, மனிதர்களை ஆளும் அதிகாரம். படை திரட்டலாம், கோட்டை கட்டலாம், தண்டனை கொடுக்கலாம். ஆனால் எல்லாம் இரவல். மேலே நவாப் ஒரு முதலாளி, கும்பினி இன்னொரு முதலாளி. அவருடைய உயர்வுக்கும் முடிவுக்கும் இது ஒன்றே காரணம் என்பது என் எண்ணம்.

இரவல் அதிகாரமானாலும் அதைச் சும்மா உறிஞ்சித் தள்ளவில்லை அவர். பொதுவாகக் குத்தகைக்காரன் மூன்று வருடத்தில் கறக்க முடிந்ததைக் கறந்துவிட்டுப் போவான். இவர் கண்மாய்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். நெசவாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஆதரவு கொடுத்தார். வழிப்பறி அடங்கிப் பாதைகளில் பயம் குறைந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலிடமிருந்து பறிபோயிருந்த வருமானம் அதற்குத் திரும்பக் கிடைக்கும்படி செய்தார். கிறிஸ்தவப் பெண்ணான மாசாவை மணந்திருந்தார். திவான் சீனிவாச ராவ். 1760ல் டச்சுக்காரர்கள் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் படை இறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தபோது, கான் சாகிப் வருகிறார் என்றதும் கடற்கரைக்கே திரும்பிப் போனார்கள். ஒப்புக்கொண்ட குத்தகைப் பணத்தையும் கட்டினார். நவாபின் ஆட்களிடம் இருந்தபோது வராத பணம் இவர் கையில் இருந்தபோது வந்தது. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது. கூமாப்பட்டி பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. ஐந்தாறு வருடம் ஆண்டவரின் பெயர் இரண்டரை நூற்றாண்டாக ஊர் வாயில் நிற்பது சின்ன விஷயம் இல்லை.

இனி மறுபக்கம். அந்த 5 லட்சம் வானத்திலிருந்து விழவில்லை. பாளையங்களிடமிருந்து படை வைத்து வாங்கியது. புலித்தேவரோடு இடைவிடாமல் சண்டை போட்டு, 1761ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார் (இந்தப் பனையூர் வேறு, அவர் பிறந்த பனையூர் வேறு). கள்ளர் நாட்டில் அவர் கொடுத்த தண்டனைகள் கொடுமையானவை. அந்நியனுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று நின்ற ஒரு மனிதரை, அந்நியனின் படையோடு போய் வீழ்த்தியவர் கான் சாகிப். நம்மவர் என்பதற்காக இதைப் பிள்ளைகளிடம் மறைத்தால், நாளைக்கு வேறு யாராவது இதைச் சொல்லும்போது நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். சாட்சி சொல்லும்போது உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயம் 135ஆம் வசனத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. வரலாறு சொல்வதும் ஒரு சாட்சிதான்.

பாளையங்கள் ஒடுங்கியதும் கான் சாகிபின் செல்வாக்கு நவாபின் கண்ணை உறுத்தியது. இன்னும் நான்கு வருடத்துக்கு, ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டியுங்கள் என்று கேட்டார். மறுக்கப்பட்டது. தனக்கு அடங்கிய வேலையாளாகவே இருக்க வேண்டும் என்றார் நவாப். ராமநாதபுரமும் சிவகங்கையும் இவர் மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தன. சென்னைக் கோட்டையில் இவருடைய திறமையை மெச்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் கடன்பட்ட நவாபா, கணக்கு முடித்த தளபதியா என்று வந்தபோது கும்பினி நவாபையே தேர்ந்தெடுத்தது. காரணம் எளிது. கடன்பட்டவன் கைக்கு அடங்கியவன்.

1763ல் யூசுப் கான் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அந்த வருடத்து முற்றுகையை மழைக்காலத்தோடு கைவிட்டுப் போனார்கள். 1764ல் மேஜர் சார்லஸ் காம்பெல் பெரும்படையோடு வந்தார். ஜூன் மாதம் கோட்டைச் சுவரில் ஏறிய கும்பினிப் படையைக் கான் சாகிபின் ஆட்கள் அடித்துத் தள்ளினார்கள். அதற்குமேல் சண்டை வேண்டாம், பட்டினி போடுவோம் என்று நாலாபுறமும் அடைத்தார்கள்.

இங்கேதான் இரவல் அதிகாரத்தின் வெறுமை தெரிந்தது. உதவிக்கு யார் வருவார்? மேற்கிலிருந்து வரக்கூடியவர் புலித்தேவர். அவருடைய கோட்டைகளை இடித்தவர் இவரே. கிழக்குப் பாளையங்களிடம் இவர் கேட்டதெல்லாம் கிஸ்தி. சிவகங்கையும் ராமநாதபுரமும் எதிர்ப்பக்கம். வெளி அரசுகளிடம் எதிர்பார்த்த படை வந்து சேரவில்லை. உள்ளே தானியம் தீர்ந்தது. அக்டோபர் நடுவில், அவருடைய சொந்த திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சண்ட் ஆகியோர் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்றே மதுரைப் பக்கம் சொல்லி வருகிறார்கள். மூவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். அவரைத் தூக்கிலிடச் சொன்னவர் ஒரு முஸ்லிம் நவாப். நாள், 1764 அக்டோபர் 15. இடம், மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரம்.

“உங்க ஆளுதானே” என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு நாளின் கதையைச் சொன்னாலே போதும். யாருடைய ஆள் யார் என்று அவனே குழம்பிப் போவான்.

வழக்கமாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். நம் பகுதிக்கு இதற்குப் பின் நடந்தது முக்கியம். கான் சாகிப் போன மூன்றாம் வருடம், 1767ல், கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. 1783ல் கர்னல் புல்லர்ட்டன் மறுபடி வந்தார். 1792 உடன்படிக்கையில் பாளையங்களிடம் கிஸ்தி வாங்கும் வேலையைக் கும்பினியே எடுத்துக்கொண்டது. ஆகவே வீரபாண்டிய கட்டபொம்மனிடம் கணக்குக் கேட்டு ராமநாதபுரம் வரை அலையவிட்டவர் நவாபின் ஆள் அல்ல, கும்பினிக் கலெக்டர் ஜாக்சன். பாடத்தில் இந்த வருடத்தைப் பிள்ளைகளுக்குக் கோடிட்டுக் காட்டுங்கள். 1799 அக்டோபர் 16ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கான் சாகிபுக்கு முப்பத்தைந்து வருடமும் ஒரு நாளும் கழித்து. ஊமைத்துரை ஆறே நாளில் மண்ணால் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டையும் 1801 மே மாதம் விழுந்தது.

அதே 1801, ஜூலை 31. ஆற்காட்டு நவாபின் வாரிசிடமிருந்து ஆட்சியையே எழுதி வாங்கிக்கொண்டது கும்பினி. கொஞ்சம் ஓய்வூதியமும் ஒரு பட்டமும் மிஞ்சின. 1855ல் பிள்ளையில்லாமல் ஒரு நவாப் இறந்ததும் அந்தப் பட்டத்தையும் நிறுத்தினார்கள். அப்படிப் பார்த்தால் நவாப் வைத்திருந்ததும் குத்தகைதான், காலம் மட்டும் கொஞ்சம் நீளம்.

முகம்மது அலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை திருவல்லிக்கேணியில் 1795ல் எழுந்த பெரிய பள்ளிவாசல் வாலாஜா குடும்பத்தின் கொடை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் அங்கே தொழுகிறார்கள். அந்த நன்மை அவருக்கு உண்டு. அவருடைய கடனைக் கரிசல்காட்டு விவசாயி கட்டினான் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறு நினைவிடமும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவை. நெற்கட்டும்செவல் சங்கரன்கோவிலுக்கு மேற்கே இருக்கிறது. மதுரைக்கு ஆஸ்பத்திரி வேலையாகவோ ஜவுளி எடுக்கவோ போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சம்மட்டிபுரம் போய் வரலாம். கான் சாகிபின் அடக்கத்தலத்தில் 1808ல் ஷேக் இமாம் என்பவர் கட்டிய சிறிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. கான் சாகிபு பள்ளிவாசல் என்று கேட்டால் வழி சொல்வார்கள்.